முதலில் கழுத்து, பிறகு பூட்டு

எதிராளியைப் பிடித்து வீழ்த்தி, மூட்டுகளை முறுக்கும் பூட்டுகளாலும் கழுத்துப் பிடிகளாலும் அடக்கும் கலையான ஜியு-ஜிட்சுவைத் தற்காப்புக்காகப் பழகத் தொடங்கியவர்களும் தொடங்க நினைப்பவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பயிற்றுநர் பதிலளிக்கிறார். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்கள் ஒரே கேள்வியாகச் சேர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: எனக்குப் போட்டிகளில் ஆர்வமில்லை, தற்காப்புக்காக மட்டுமே ஜியு-ஜிட்சு கற்க விரும்புகிறேன். எந்தெந்தப் பூட்டுகளையும் கழுத்துப் பிடிகளையும் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும்?

பதில்: தற்காப்புதான் நோக்கம் என்றால் பூட்டுகளிலிருந்து தொடங்காதீர்கள். தாக்க வருபவர் இடத்தையும் நேரத்தையும் தாமே தேர்ந்தெடுத்துக்கொள்கிறார். ஆகவே நீங்கள் நிலைமையை உணரும் தருணத்தில் பெரும்பாலும் அவருடைய பிடி உங்கள் மேல் விழுந்திருக்கும். அதிலிருந்து நினைவு தப்பாமல் வெளியே வரத் தெரியாதவருக்கு எத்தனை பூட்டுகள் தெரிந்திருந்தும் அவற்றைப் பயன்படுத்தும் வாய்ப்பே கிடைக்காது. கழுத்தைக் காப்பது, தலை தரையில் மோதாமல் விழுவது, மேலே ஏறி அமர்ந்தவரைப் புரட்டுவது, பாதுகாப்பாக எழுந்து நிற்பது ஆகியவையே முதல் சில மாதங்களின் பாடமாக இருக்க வேண்டும்.

அதன் பிறகு கற்க வேண்டியவற்றின் பட்டியல் சிறியதுதான். பின்னாலிருந்து கழுத்தைச் சுற்றிப் பிடிக்கும் ரியர் நேக்கட் சோக்கை நான் முதலிடத்தில் வைப்பேன். நீங்கள் எதிராளியின் முதுகுப் பக்கம் இருப்பதால் அவருடைய கைமுட்டிகள் உங்களை எளிதில் எட்டுவதில்லை. இந்தப் பிடிக்கு அவருடைய உடை எப்படிப்பட்டது என்பதும் பொருட்டில்லை. அடுத்தது, தலையைத் தாழ்த்திக்கொண்டு உங்கள் இடுப்பையோ கால்களையோ நோக்கிப் பாய்பவரிடம் பயன்படும், தலையை அக்குளில் இடுக்கிக் கழுத்தை இறுக்கும் கில்லட்டின். கைப் பூட்டுகளில் தோளை முறுக்கும் அமெரிக்கானாவும் கிமுராவும் போதும். முழங்கையை நேராக நீட்டி முறிக்கும் ஆர்ம்பார் அழகான நுட்பம்தான். ஆயினும் மேலே அமர்ந்திருக்கும் நிலையிலிருந்து அதை முயன்று தவறவிட்டால், நீங்கள் மல்லாந்து கிடப்பீர்கள், அவர் மேலே இருப்பார். பயிற்சிப் பாயில் இது ஒரு சுற்றின் இழப்பு. கான்கிரீட் தரையில் அந்தப் பேரத்தில் இறங்காமல் இருப்பது நல்லது.

இவை எல்லாவற்றிலும் இட நிலை முதலில், பூட்டு பிறகு என்ற ஒழுங்கு உண்டு. எதிராளியின் இடுப்பும் தோளும் உங்கள் கட்டுக்குள் வராத வரை எந்தப் பூட்டும் வெறும் கைப்பலப் போட்டியாகவே முடியும்.

கேள்வி: கழுத்துப் பிடியில் சில நொடிகளிலேயே மயக்கம் வந்துவிடும் என்கிறார்கள். அவ்வளவு நேரம் மூச்சை அடக்க யாராலும் முடியுமே, பிறகு எப்படி மயக்கம் வருகிறது?

பதில்: மூச்சுக்கும் அந்த மயக்கத்துக்கும் தொடர்பு மிகக் குறைவு. கழுத்தின் இரு பக்கங்களிலும் மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கரோட்டிட் தமனிகள் ஓடுகின்றன. முழங்கை மடிப்பு தொண்டைக்கு நேராக அமைந்து, மேற்கை ஒரு பக்கத் தமனியையும் முன்கை மறுபக்கத் தமனியையும் ஒரே நேரத்தில் அழுத்தும்போது மூளைக்குப் போகும் இரத்தம் பெருமளவு தடைபடுகிறது. 1943ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், கழுத்தைச் சுற்றிய காற்றுப் பட்டையால் இந்த இரத்த ஓட்டத்தை நிறுத்தியபோது, பங்கேற்ற இளைஞர்கள் சராசரியாக ஏறக்குறைய 7 வினாடிகளில் நினைவிழந்தார்கள். நுரையீரல் நிறையக் காற்று இருந்தாலும் இதில் மாற்றம் இராது.

முன்கையின் எலும்பு குரல்வளையின் மேல் நேராக அமர்ந்தால் நடப்பது வேறு. அது மூச்சுக்குழாயை நசுக்குகிறது. இதற்கு அதிக விசை தேவைப்படுகிறது. நினைவு போகவும் நேரமாகிறது. வலியும் திணறலும் கடுமையாக இருக்கின்றன. குரல்வளைக் குருத்தெலும்பு உடையும் ஆபத்தும் இருக்கிறது. தெருவில் பழக்கமில்லாதவர் முரட்டுத்தனமாகப் பிடிக்கும் பிடி பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையாகவோ இரண்டும் கலந்ததாகவோ இருக்கும்.

இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வதில் நேரடிப் பயன் உண்டு. வலிக்கும் பிடி கொடியது, வலிக்காத பிடி சாதாரணமானது என்று பலர் எண்ணுகிறார்கள். நன்றாக அமைந்த இரத்த ஓட்டப் பிடியில் வலி அதிகம் இராது. முகம் கனக்கும், காது அடைக்கும், பார்வையின் ஓரங்கள் மங்கும். அந்த அறிகுறிகள் தோன்றும்போது உங்களிடம் மிஞ்சியிருப்பது ஓரிரு வினாடிகள் மட்டுமே. ஆகவே தப்பிக்கும் முறை எதுவானாலும், பிடி பூட்டிக்கொள்வதற்கு முன் உங்கள் கைகள் அங்கே போய்ச் சேர வேண்டும்.

கேள்வி: நின்றுகொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஒருவர் கையால் கழுத்தை வளைத்துப் பிடித்தால் என்ன செய்வது? முன்னாலிருந்து இரண்டு கைகளால் நெரித்தால் என்ன செய்வது?

பதில்: பின்னாலிருந்து வரும் பிடியே இரண்டிலும் ஆபத்தானது என்பதால் அதை விரிவாகச் சொல்கிறேன்.

முதல் அசைவு கைகளுடையது. உங்கள் இரு கைகளும் அவருடைய ஒரே கையைப் பற்ற வேண்டும். ஒன்று மணிக்கட்டிலும் மற்றொன்று முழங்கைக்கு அருகிலும் விழுந்து, அந்தக் கையை உங்கள் மார்பை நோக்கிக் கீழே இழுக்க வேண்டும். வெளிப்புறமாகத் தள்ள முயல்பவர்கள் தோற்கிறார்கள், ஏனென்றால் அந்தத் திசையில் உங்கள் கைகளுக்கு வலு மிகக் குறைவு. கைகள் இழுக்கும் அதே நேரத்தில் தாடையை மார்போடு ஒட்டித் தோள்களை உயர்த்துங்கள். தாடையைத் தாழ்த்தினால் மட்டும் போதும் என்று நம்ப வேண்டாம். பலசாலி ஒருவர் தாடையின் மேலேயே இறுக்கி அதைத் தூக்கவைத்துவிடுவார். தாடையைத் தாழ்த்துவது உங்களுக்கு ஒன்றிரண்டு வினாடிகளை வாங்கித் தருகிறது, அவ்வளவுதான்.

அவர் பழக்கமுள்ளவராக இருந்தால் பிடித்த கையைத் தமது மறுகையின் மேற்கையில் கோத்து, அந்த மறுகையின் உள்ளங்கையை உங்கள் தலைக்குப் பின்னால் வைப்பார். பிடியை இறுக்கிப் பூட்டுவது தலைக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கைதான். அது அங்கே போவதை உணர்ந்தால், விரல்களோடு சேர்த்து அதைப் பற்றித் தலைக்கு மேலாக முன்னே இழுத்து வாருங்கள். கண்ணுக்குத் தெரியும் கையோடு மட்டும் போராடிக்கொண்டிருப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

அடுத்து உங்கள் உடல் நிலை. உங்களைப் பின்னோக்கி வளைத்து, குதிகாலில் நிற்கவைப்பதுதான் அவருக்குச் சாதகம். கால்களை அகற்றி, முழங்கால்களை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி எடையைக் கீழே இறக்குங்கள். முன்கை தொண்டையில் அழுந்தியிருந்தால் முகத்தை அவருடைய முழங்கை மடிப்பை நோக்கித் திருப்புங்கள். மூச்சுக்குழாய்க்கு அங்கே சிறிது இடம் கிடைக்கும். இது காற்றை மட்டுமே மீட்கிறது, இரத்த ஓட்டத்தை அல்ல என்பதால் அதோடு நின்றுவிடக் கூடாது. பிடி ஒரு அங்குலம் தளர்ந்த கணத்தில் தோளை அந்த இடைவெளியில் நுழைத்து அவரை நோக்கித் திரும்ப வேண்டும். எந்தப் பக்கம் காலை வைத்துத் திரும்புவது என்பது அவருடைய எடை எங்கே சாய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது; அதை எழுத்தில் கற்பிக்க முடியாது, பாயின் மேல்தான் கற்க வேண்டும். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் வரை நீங்கள் தப்பித்தவர் ஆகமாட்டீர்கள் என்பதை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள்.

இரண்டு கைகளால் முன்னாலிருந்து நெரிப்பது பார்ப்பதற்குப் பயங்கரமாக இருந்தாலும் உடைப்பதற்கு எளியது. தாடையைத் தாழ்த்தி, ஒரு காலைப் பின்னே வைத்து, ஒரு கையைக் காதை ஒட்டி நேராக மேலே உயர்த்தி, அந்தக் கைக்கு எதிர்ப்பக்கமாக உடம்பு முழுவதையும் திருப்புங்கள். உங்கள் தோள் அவருடைய மணிக்கட்டுகளில் மோதிப் பிடியைப் பிரிக்கும். விரல்களோடு விரல்களை மோதவிடுவதற்குப் பதிலாக உடம்பின் மொத்த எடையையும் கட்டைவிரலின் பக்கமாகச் செலுத்துவதால்தான் சிறிய உடலமைப்பு உள்ளவர்களுக்கும் இது பலிக்கிறது. முதுகுக்குப் பின்னால் சுவர் இருந்தால் பின்னே போக இடம் இராது. அப்போது திரும்புதல் மட்டுமே வழி.

கேள்வி: நான் ஒரு பெண். என்னைக் கீழே தள்ளி, மேலே அமர்ந்து கழுத்தை நெரித்தால் எப்படித் தப்புவது என்பதே என் அச்சம். என்னைவிட எடை கூடியவரை என்னால் புரட்ட முடியுமா?

பதில்: முடியும்; ஆனால் கைகளால் அல்ல, இடுப்பால். மவுண்ட் எனப்படும் அந்த நிலையில் அவர் உங்கள் கழுத்தில் கைகளை வைத்திருக்கிறார் என்றால், தரையில் ஊன்றித் தம்மைத் தாங்கிக்கொள்ள அவருக்குக் கை இல்லை என்று பொருள். அவருடைய ஒரு கையை உங்கள் இரு கைகளாலும் மணிக்கட்டிலும் முழங்கையிலுமாகப் பற்றி மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். அதே பக்கத்தில் உள்ள அவருடைய பாதத்திற்கு வெளியே உங்கள் பாதத்தை வைத்துப் பூட்டுங்கள். குதிகால்களைப் பிட்டத்திற்கு அருகில் இழுத்து, இடுப்பை முடிந்த உயரத்துக்கு எக்கி எழுப்பி, பூட்டிய பக்கத்துத் தோளின் மேலாக உருளுங்கள். பெரும்பாலோர் செய்யும் பிழை, இடுப்பை எழுப்பாமல் பக்கவாட்டில் மட்டும் உருள முயல்வது. அதில் எடை கூடியவர் அசையவே மாட்டார். மேலே எழுப்பிய பிறகுதான் உருள வேண்டும்.

அவர் கையை ஊன்றி உருளலைத் தடுத்துவிட்டால் இரண்டாவது வழி இருக்கிறது. ஒரு பக்கமாகச் சரிந்து, முழங்கையால் அவருடைய முழங்காலைத் தள்ளிக்கொண்டே இடுப்பைப் பின்னே இழுத்து, உங்கள் முழங்காலை நடுவில் நுழைக்க வேண்டும். ஜியு-ஜிட்சுவில் முதல் நாளே கற்பிக்கப்படும் இடுப்பு நகர்த்தல் இதற்காகத்தான். ஒரு கால் வெளியே வந்துவிட்டால், அவரை உங்கள் இரு கால்களுக்கும் எதிரே நிறுத்தும் கார்டு என்ற நிலை கிடைக்கும். பாதங்களை அவருடைய இடுப்பில் வைத்துத் தள்ளினால் அவருடைய கைகள் கழுத்தை எட்டா; கால்கள் கைகளைவிட வலியவை, நீளமானவை.

அங்கிருந்து எழுந்திருக்கும் முறையையும் சேர்த்தே பழகுங்கள். ஒரு கையைப் பின்னால் ஊன்றி, மற்றொரு கையால் முகத்தைக் காத்து, ஒரு காலால் அவரைத் தடுத்துக்கொண்டே மறுகாலைப் பின்னிழுத்து நிற்க வேண்டும். அவருக்கு நேராகக் குனிந்து எழுபவர்கள் முகத்தில் அடி வாங்குகிறார்கள். எழுந்தவுடன் பூட்டுப் போட எண்ணாமல், கூச்சலிட்டுக்கொண்டே ஆட்கள் இருக்கும் திசையில் ஓடுங்கள்.

கேள்வி: தலையை அக்குளில் இடுக்கிக்கொள்ளும் கில்லட்டின் பிடியிலிருந்து எப்படி வெளிவருவது?

பதில்: கழுத்தைச் சுற்றிய கையின் மணிக்கட்டை உடனே பற்றிக் கீழே இழுங்கள், மற்றொரு கையை அவருடைய தோளுக்கு மேலாகப் போட்டு முதுகைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் தலை அவருடைய உடம்பின் எந்தப் பக்கத்தில் சிக்கியிருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாக நடந்து, தோளால் அவரை அழுத்துங்கள். தலையைப் பின்னால் உருவி எடுக்க முயல்வது பிடியை இறுக்கவே உதவும்.

கேள்வி: அருகில் பயிற்சிக்கூடம் இல்லை. நானும் என் தம்பியும் காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பழகலாமா?

பதில்: அசைவுகளைப் பழகலாம், கழுத்துப் பிடிகளைப் பழக வேண்டாம். இடுப்பு நகர்த்தல், பாலம்போல் இடுப்பை எக்குதல், விழும் முறை, எழும் முறை ஆகியவற்றை விரிப்பின் மேல் நாள்தோறும் செய்யலாம். அவை பிற்காலப் பயிற்சிக்கு உண்மையாகவே உதவும். கழுத்தை இறுக்கும்போது எந்த அளவில் நிறுத்துவது, எதிரே இருப்பவர் மயங்கும் நிலையை எப்படி அறிவது என்பதைக் காணொளி காட்டித் தராது.

வேறொரு குறையும் இருக்கிறது. உங்கள் தம்பி நீங்கள் எதிர்பார்க்கும் நேரத்தில், எதிர்பார்க்கும் பிடியை, விட்டுக்கொடுக்கும் மனத்தோடு பிடிப்பார். ஜியு-ஜிட்சுவின் வலிமையே முழு எதிர்ப்போடு பழகும் ஸ்பாரிங்கில்தான் இருக்கிறது. 1882இல் ஜப்பானில் கோடோகன் என்ற ஜூடோப் பள்ளியை நிறுவிய ஜிகோரோ கானோ, எதிர்த்து முயலும் துணைவரோடு தடையின்றிப் பழகும் ரண்டோரிப் பயிற்சிக்கு முதன்மை கொடுத்தார். அங்கே பயின்ற மிட்சுயோ மைடா 1914இல் பிரேசிலுக்குச் சென்றார். அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேசியும் அவருடைய தம்பி ஹீலியோவும் வளர்த்தெடுத்ததே இன்று நாம் பிரேசிலிய ஜியு-ஜிட்சு என்று அழைப்பது. இந்த வரிசையில் மாறாமல் வந்தது எதிர்ப்போடு பழகும் வழக்கம். அதை விட்டுவிட்டு நுட்பங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது உடற்பயிற்சி மட்டுமே. வாரத்தில் ஒரு நாளாவது போய்வரக்கூடிய தூரத்தில் ஜூடோக் கூடம் இருந்தாலும் போதும். தரைப் பிடிகளையும் கழுத்துப் பிடிகளையும் அங்கேயும் கற்பிக்கிறார்கள்.

கேள்வி: ஜியு-ஜிட்சு கற்றவர் எவ்வளவு பெரிய ஆளையும் வென்றுவிடலாம் என்பது உண்மையா?

பதில்: பாதி உண்மை. 1993இல் நடந்த, பல சண்டைக் கலைகளின் வீரர்கள் மோதும் முதல் யுஎஃப்சி போட்டியில் ஜியு-ஜிட்சு வீரர் ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூவரை வென்றார். 1994 டிசம்பரில் நான்காவது போட்டியின் இறுதிச் சுற்றில், ஏறக்குறைய 80 கிலோ எடையுள்ள அவர், 115 கிலோவுக்கு மேல் எடையுள்ள மல்யுத்த வீரர் டான் செவர்னைக் கால்களால் கழுத்தைப் பூட்டும் ட்ரையாங்கிள் பிடியில் தோற்கடித்தார். இதைச் சொல்பவர்கள் அந்தச் சுற்று ஏறக்குறைய 16 நிமிடங்கள் நீடித்தது என்பதையும், பெரும்பகுதி நேரம் ராய்ஸ் அடியில்தான் கிடந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் சிறுவயதிலிருந்தே அதில் ஊறியவர், அங்கே எதிராளி ஒருவர்தான், ஆயுதம் இல்லை, நடுவர் இருந்தார்.

நுட்பம் எடை வேறுபாட்டைக் குறைக்கும், அழிக்காது. இன்றைய ஜியு-ஜிட்சுப் போட்டிகள் பெரும்பாலும் எடைப் பிரிவுகளில்தான் நடக்கின்றன. தாக்குபவர்கள் ஒருவருக்கு மேற்பட்டவர்களாக இருந்தால் தரையில் ஒருவரைப் பூட்டிக்கொண்டு கிடப்பது மற்றவருக்கு உங்கள் தலையைக் கொடுப்பதாகும். கத்தி இருந்தால் கட்டிப்பிடிப்பதே ஆபத்து. அந்த இரு நிலைகளிலும் விலகி ஓடுவதும் கேட்டதைக் கொடுத்துவிடுவதும் எந்தப் பூட்டையும்விட மேலானவை.

கேள்வி: சண்டையில் ஒருவர் என் கழுத்தை நெரித்தார், தப்பிவிட்டேன். வெளியே காயம் எதுவும் இல்லை. மருத்துவரைப் பார்க்க வேண்டுமா?

பதில்: உடனே பார்க்க வேண்டும், இதைப் படித்து முடிக்கும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். கழுத்து நெரிக்கப்பட்டவர்களில் பலருக்கு வெளித் தடயம் இருப்பதில்லை. உள்ளே வீக்கம் மெல்ல வளர்ந்து மூச்சுப்பாதையை மணிக்கணக்கில் கழித்தும் அடைக்கலாம். தமனியின் உட்சுவர் கிழிந்து இரத்தக் கட்டி உருவானால் சில நாட்கள் கழித்தும் பக்கவாதம் வரலாம். குரல் கரகரப்பு, விழுங்கும்போது வலி, மூச்சுத் திணறல், கண்ணிலோ இமையிலோ சிறு சிவப்புப் புள்ளிகள், கடும் தலைவலி, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் மரத்துப்போதல், சற்று நேரம் நினைவு தப்பியது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அவசரப் பிரிவுக்கே போக வேண்டும். கழுத்து நெரிக்கப்பட்டது என்பதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் கழுத்தைச் சோதிக்காமல் போகலாம். நெரித்தவர் வீட்டுக்குள் இருப்பவர் என்றால், அந்த வீட்டுக்குத் திரும்புவதற்கு முன் காவல் துறையிடமோ நம்பகமான ஒருவரிடமோ சொல்லிவிடுங்கள்.

கேள்வி: தாக்கியவரை நான் கழுத்துப் பிடியில் பிடித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்வோம். எப்போது விட வேண்டும்?

பதில்: ஆபத்து நீங்கிய கணத்தில். அவருடைய உடம்பு துவண்ட பிறகும் இறுக்கிக்கொண்டிருந்தால் அது தற்காப்பு என்ற எல்லையைக் கடந்துவிடுகிறது. சில நிமிடங்கள் நீடித்தால் மூளைச் சேதமும் மரணமும் நேரலாம். தற்காப்புக்கான வன்முறை அபாயத்தின் அளவை மீறக் கூடாது என்பது பெரும்பாலான நாடுகளின் சட்டங்களில் உள்ள நெறி. கழுத்து நெரிப்பை உயிர்க்கொல்லி விசையாகவே நீதிமன்றம் கருதக்கூடும். பிடியை விட்டதும் அவரைப் பக்கவாட்டில் கிடத்தி, விலகி நின்று, உதவிக்கு அழையுங்கள். இரத்த ஓட்டம் திரும்பினால் பெரும்பாலோர் அரை நிமிடத்துக்குள் விழித்துக்கொள்வார்கள் என்பதால் அருகிலேயே குனிந்து நிற்க வேண்டாம்.

கேள்வி: பயிற்சியில் பிடி இறுகியதும் கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்கிறோம். இது பழக்கமாகிவிட்டால் உண்மையான தாக்குதலிலும் தட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடமாட்டோமா?

பதில்: தட்டாமல் பழகுவதால் வரும் சேதம் இந்த அச்சத்தைவிடப் பெரியது. 1951இல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த போட்டியில் ஜப்பானிய ஜூடோ வீரர் மசஹிகோ கிமுரா போட்ட தோள் பூட்டில் ஹீலியோ கிரேசி தட்டவில்லை. கை முறிந்தது, அவர் தரப்பினர்தான் ஆட்டத்தை நிறுத்தினார்கள். அந்தப் பூட்டு அதன் பிறகே கிமுராவின் பெயரைப் பெற்றது. ஹீலியோவின் மனத்திண்மையைப் பலரும் போற்றுகிறார்கள். நான் என் மாணவர்களுக்கு அதை முன்மாதிரியாகக் காட்டுவதில்லை, ஏனென்றால் முறிந்த கையோடு மறுநாள் பயிற்சிக்கு வர முடியாது.

உங்கள் கேள்வியில் நியாயமான ஒரு பகுதி இருக்கிறது. பிடி விழுந்தவுடனேயே, எதுவும் செய்து பார்க்காமல் தட்டும் வழக்கம் தொடக்க நிலையில் பலருக்கு உண்டு. அதற்கு மருந்து, பிடி இறுகுவதற்கு முன்பே பயிற்சியைத் தொடங்குவது. துணைவர் உங்கள் முதுகில் இருக்கட்டும், கையைக் கழுத்தைச் சுற்றித் தளர்வாகவே வைக்கட்டும். அங்கிருந்து மெல்ல வலுவைக் கூட்டட்டும். நீங்கள் இரு கைகளால் ஒரு கையை இழுப்பதையும், தலைக்குப் பின்னால் போகும் கையைப் பறிப்பதையும், அவருடைய கை உங்கள் அக்குளுக்குக் கீழே இருக்கும் பக்கமாகச் சரிந்து தோள்களைப் பாயில் பதிப்பதையும் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். தட்டும்போது ஒரு முறை அல்ல, இரண்டு மூன்று முறை, அவர் உணரும்படி அவர் உடம்பின் மேல் தட்டுங்கள். கைகள் சிக்கியிருந்தால் வாயால் சொல்லுங்கள் அல்லது காலால் பாயைத் தட்டுங்கள். தட்டியும் உடனே விடாத துணைவரோடு இரண்டாவது சுற்றுக்குப் போகாதீர்கள். அதைக் கண்டும் காணாமல் இருக்கும் கூடமானால் வேறு கூடம் தேடுங்கள்.